மாமிக்கு ஸலாம் சொன்ன யானை

போன மாதம் என் ராத்தா, அதுதான் என் அக்கா, என்னை உளவு பார்க்க அனுப்பினாள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? நூலகத்துக்கு!

விஷயம் இதுதான். ராத்தாவின் மகள் சிபானாவுக்கு மாப்பிள்ளை பேசி வந்திருந்தது. பெயர் அஸ்மீர். நீர்ப்பாசனப் பகுதியில் உத்தியோகம். இதற்கு முன் வந்த சம்பந்தங்களுக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கிய சிபானா, இந்த முறை தலையைக் குனிந்தபடி "ஓம்" என்றுவிட்டாள்.

பெண்ணின் ஓம் போதுமா? எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தானே குடிவருவார்? காலம் முழுக்க ராத்தாவின் கறியைச் சாப்பிடப் போகிற ஆள். ஆகவே விசாரணை பலமாக நடந்தது. பள்ளிவாசலில் விசாரித்தாள் — நல்ல பொடியன். தேத்தண்ணிக் கடைக்கு ஆள் விட்டு விசாரித்தாள் — சிகரெட் இல்லை. மிஞ்சியது நூலகம்.

"அசர் தொழுகைக்குப் பொறகு அங்கதான் இரிப்பாராம். நீதானே எழுதுற ஆள்... என்ன பொத்தகம் படிக்கிறாரெண்டு பாத்திட்டு வாகா."

பத்தி எழுதுகிறவள் என்றால் ராத்தாவுக்குப் பாதி சிஐடி!

எங்கள் கல்முனை நூலகம் எப்படிப்பட்டது தெரியுமா? ஓய்வுபெற்ற மாஸ்டர்மார் ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, "அமைதி காக்கவும்" பலகைக்குக் கீழேயே உலக அரசியல் கதைப்பார்கள். ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் ஃபேனுக்குக் கீழே இடம் பிடிக்கப் போட்டி போடுவார்கள். அந்தச் சந்தைக்குள் நானும் ஒரு சஞ்சிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அஸ்மீர் வந்தார். நேரே சிறுவர் பகுதிக்குப் போனார். கரடி, முயல் படம் போட்ட புத்தகங்களாகப் பார்த்து எடுத்தார். ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கன்னத்தை உப்பினார்... கண்ணை உருட்டினார்... பிறகு எல்லாவற்றையும் இரவல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கண்டதைக் கண்டபடி ராத்தாவிடம் சொன்னேன். அதுதான் வினை.

"கலியாணம் முடிக்காத ஆம்புளைக்கு என்னத்துக்குகா சின்னப் புள்ளட பொத்தகம்?" ராத்தா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள். "யா அல்லாஹ்! இவருக்கு எங்கயோ ஒரு புள்ள இரிக்கி!"

"தம்பி தங்கச்சிக்கு எடுத்திருப்பார் ராத்தா..."

"அவர்தான் கடைசிப் புள்ள!"

அதையும் விசாரித்து வைத்திருக்கிறாள் அல்லவா?

"புள்ள இரிக்கிண்டா பொஞ்சாதியும் இரிப்பா. சும்மாவா வரும் புள்ள? இந்தச் சம்பந்தம் வேணாம். முடிஞ்சிது!"

 சிபானா சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். அன்றும் மறுநாளும் அவளுடைய சோறு பூனைக்குத்தான் போனது.  பிள்ளை வாய் திறந்து ஓம் சொன்ன ஒரே சம்பந்தம்!

மறுபடியும் ஓடினேன் நூலகத்துக்கு. நூலகர் ரோஸ்லின் மிஸ், பாண்டிருப்பிலிருந்து வருகிறவர். மெல்லக் குனிந்து கேட்டேன். "மிஸ், இந்த அஸ்மீர் தம்பி ஆருக்கு இந்தப் பொத்தகங்களைக் கொண்டு போறார்?"

மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஆர் என்ன வாசிக்கிறாங்க எண்டு நாங்க வெளியில சொல்றல்ல. உங்கட ஆக்கள் சொல்லுவாங்களே, நம்பி ஒப்படைச்சத அமானிதம் எண்டு... அதுதான் இது."

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற மனுசி எனக்கு அமானிதம் படிப்பிக்கிறார்!

"கலியாண விசயம் மிஸ்..." என்று இழுத்தேன்.

"அப்ப சனிக்கிழமை காலையில ராத்தாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. கண்ணால பாக்கிறத்துக்கு நான் தடையில்ல."

சனிக்கிழமை ராத்தா வழக்குக்குப் போகிறவள் மாதிரி புறப்பட்டு வந்தாள். நூலக வாசலிலேயே காது அடைத்தது. சிறுவர் பகுதியில் பாய் விரித்து, எங்கள் கல்முனைப் பிள்ளைகளும் பக்கத்துத் தமிழ் ஊர்களான பாண்டிருப்பு, காரைதீவுப் பிள்ளைகளும் முழங்காலோடு முழங்கால் இடிபட இருந்தார்கள். சனிக்கிழமைக் கதை நேரமாம். நடுவில் அஸ்மீர் — நாலு காலில்! மூக்கில் சாம்பல் நிறத் துவாயைச் சுருட்டிக் கட்டிய தும்பிக்கை. முதுகில் ஒரு சின்னப் பெண். வரிப்பத்தான்சேனை வயலுக்குள் இறங்கிய யானையின் கதை நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் "டமார்! டமார்!" என்று வாயாலேயே வெடி போட்டு யானையை விரட்டினார்கள்.

வாரம் முழுக்கப் புத்தகம் கொண்டுபோய்க் கன்னத்தை உப்பியதெல்லாம் இதற்குத்தான்!

யானை திரும்பியது. வாசலில் வருங்கால மாமி, என் ராத்தா.

எங்கள் ஊர் மாமி மருமகன் மரியாதை உங்களுக்குத் தெரியுமே? மாமி கதவுக்குப் பின்னால் நின்று கதைப்பார். மருமகன் நிலத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். இங்கே மருமகனே நிலத்தில் கிடக்கிறார்!

யானை அசையவில்லை. முதுகில் இருந்தவள் குதிகாலால் ஒரு இடி விட்டாள். "ஆனை ஏன் நிக்கிது? செத்துப் போயித்தா?"

எழும்பினால் கதை கெட்டுவிடும். எழும்பாவிட்டால் கலியாணம் கெட்டுவிடும். 

யானை மெல்லத் தும்பிக்கையைத் தூக்கியது.

"அஸ்ஸலாமு அலைக்கும், மாமி!"

உடனே பாயில் இருந்த அத்தனை பிள்ளைகளும், எந்த ஊர் எந்த வேதம் என்றில்லாமல், "அஸ்ஸலாமு அலைக்கும், மாமி!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

"வஅலைக்கும் ஸலாம்" என்று யானைக்குப் பதில் சொன்ன ராத்தா, பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கதை முடியும்வரை எழும்பவில்லை. கடைசி வெடி போடும்போது அவளும் "டமார்" என்றாள். மெதுவாகத்தான்... ஆனால் என் காதில் விழுந்தது.

ஓட்டோவில் திரும்பினோம். வீட்டில் இறங்கியதும் சிபானா வாசலுக்கு ஓடி வந்து உம்மாவின் முகத்தையே பார்த்தாள். ராத்தா முற்றத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"முத்தத்து வாழையெல்லாம் வெட்டிருங்க. ஊட்டுக்கு ஆனை வரப் போகுது."

சிபானா விழித்தாள். விளக்கமாகச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று பூனைக்குச் சோறு கிடைக்கவில்லை.

புத்தகம் இரவல் கொடுக்கும் இடம்தான் நூலகம் என்று நானும் நினைத்திருந்தேன். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஒரே பாயில் இருத்தி, என் ராத்தாவையே வெடி போட வைக்கிற இடம் ஊரில் வேறெங்கே இருக்கிறது?

ஆனால் செய்தி பரவாமல் இருக்குமா? இப்போது சனிக்கிழமைகளில் பெண் பிள்ளைகளைப் பெற்ற உம்மாமார் நூலகத்தில் கூடிவிடுகிறார்கள். அது தெரிந்ததும் ஊர்ப் பொடியன்மார் கரடி, முயல் புத்தகம் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் எடுத்துப் போகிறார்கள். ரோஸ்லின் மிஸ்ஸுக்கு ஒரே கவலை...

கதை கேட்கப் பிள்ளைகள் போதவில்லை. நாலு காலில் நிற்க மாப்பிள்ளைமார் வரிசையில்!