ஹமீது பாய் எண்ணிய படிகள்

பூதலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில், அந்தோணியார் கோயிலுக்கு எதிரே ‘ஹமீது சவுண்ட் சர்வீஸ்’ இருக்கிறது. கடை இப்போது மகன் முபாரக் கையில். அப்துல் ஹமீதுக்கு அறுபத்தேழு வயது. முழங்கால் வலி வந்ததிலிருந்து ஏணியில் ஏறுவதில்லை. ஆனால் பதினேழு வயதில் தொடங்கி நாற்பது திருவிழாவுக்கு அந்தக் கோயில் கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர் அவர்தான். பாங்கு சொன்னால் பாட்டை நிறுத்திவிட்டுத் தொழுதுவிட்டு வருவார். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்தத் தை மாதத் திருவிழாவுக்குக் கோயில் பங்கு இளைஞர்கள் புதிதாக ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஏற்பாடு செய்தவள் எழில்மொழி, பெங்களூரில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண். பங்கின் பழைய வரலாற்றிலிருந்து நாலு கேள்விகள், விடையெல்லாம் எண்கள். அவற்றை வரிசையாகப் போன் மேப்பில் போட்டால் ஓர் இடத்தைக் காட்டும். அங்கே ஒரு டப்பா ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். கண்டுபிடித்தவர் அதிலுள்ள நோட்டில் பெயரெழுதி, ஒரு சாமானை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டு வரவேண்டும்.

கடைசிக் கேள்வி, ‘கோபுரம் கட்டியபோது வெளிப்புறப் படிகள் எத்தனை?’

பிள்ளைகள் ஏறி எண்ணினார்கள். முப்பத்து நாலு. போன் காட்டிய திசையில் ஓடினார்கள். அரை மணி நேரத்தில் நெற்சுணை அரிக்க, கையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். பின்னாலேயே வயல்காரர் இராஜாங்கம் கத்திக்கொண்டு வந்தார்.

“அறுக்கப்போற கதிருய்யா! ஒங்க டப்பாவ என் வயல்லயா வச்சீங்க?”

எழில்மொழி பதறிப்போனாள். “வயல்ல வைக்கலங்க. இவங்க தப்பா எண்ணிருக்காங்க.”

“நாலு தடவ எண்ணிட்டோம்க்கா!”

கடை வாசலில் நின்ற ஹமீது தெருவைக் கடந்து வந்தார்.

“முப்பத்தாறும்மா. ரெண்டு படி மண்ணுக்குள்ள கெடக்கு. எழுபத்தேழாம் வருச வெள்ளம் வடிஞ்சப்புறம் மணலடிச்சு முற்றத்த ஒசத்துனாங்க.”

“ஒங்களுக்கு எப்படி பாய் தெரியும்?”

“தலையில பேட்டரி இருக்கும், கால் தெரியாது. படிய எண்ணித்தானே ஏறணும்?”

அவள் சிரித்துவிட்டாள். பழைய குருவானவரின் குறிப்பேட்டிலும் முப்பத்தாறுதான்; அதைப் பார்த்துக் கேள்வி தயாரித்தவள் படியை எண்ணிப் பார்க்கவேயில்லை. “அப்ப நீங்களே போய் எடுங்க பாய்.”

“நா பங்குல இல்லியே தாயி.”

“திருவிழாவுல இருக்கீங்கல்ல? போங்க” என்றார் சத்தம் கேட்டு வந்த பங்குச்சாமியார்.

மற்ற மூன்று எண்களைப் பிள்ளைகளே சொன்னார்கள். ஹமீது மனைவி ஷமீராவை டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். துபாயிலிருக்கும் மகளோடு தினமும் பேசிப் பேசி, போன் ஷமீராவுக்குத்தான் கைவந்திருந்தது. “நேரா… வரப்புல ஏறாதீங்க… இங்கதான்.”

வாய்க்கால் மதகு. இராஜாங்கத்தின் வயலிலிருந்து எழுபது அடிகூட இருக்காது.

ஹமீது வண்டியை விட்டு இறங்கி அப்படியே நின்றார். அந்தக் காலத்தில் கோபுரத்து உச்சியிலிருந்து அவர் ‘ஹலோ, ஹலோ’ என்பார். அவருடைய கூட்டாளி சூசைராஜ் இந்த மதகில் நின்று, சத்தம் கேட்டால் சிவப்புத் துண்டை ஆட்டுவான். துண்டு ஆடும்வரை ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பி வைப்பார். சூசை போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவன் நின்ற இடத்திலிருந்து கோபுரத்தை ஹமீது இதுவரை பார்த்ததில்லை. எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது! அதன்மேல் ஒரு மனிதன் நின்றால் கடுகளவு இருப்பான். அதைப் பார்த்துத்தான் சூசை மணிக்கணக்காக வெயிலில் நின்றிருக்கிறான்.

“என்னங்க, தேடலியா?”

மதகின் செங்கல் இடுக்கிலிருந்து டப்பாவை ஷமீராவே உருவினாள். நோட்டில் முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. ஹமீது தன் பெயரை எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதற்குமேல் இருந்த இடத்தில் ‘சூசைராஜ்’ என்று எழுதினார்.

“மௌத்தானவங்க பேரயுமா எழுதுவாங்க?”

“அவன் நமக்கு முன்னாடியே வந்துட்டானே.”

ஷமீரா முந்தானையால் டப்பாவின் தூசியைத் துடைத்தாள். பேத்திக்காக ஒரு விசிலை எடுத்துக்கொண்டார்கள். பதிலுக்கு வைக்க ஹமீதின் சட்டைப்பையில் கரண்ட் பார்க்கும் டெஸ்டர்தான் இருந்தது. அதை வைத்தார்.

மாலையில் கோயில் முற்றத்தில் முபாரக் அந்த டெஸ்டரைத் தேடு தேடென்று தேடினான். ஷமீரா வாயே திறக்கவில்லை.