வலது கால் பூட்ஸ்

என் எழுத்து மேசைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு பூட்ஸ் நிற்கிறது. வலது கால் மட்டும். அதில் குடையைச் செருகி வைத்திருக்கிறேன். தீபாவளிக்குத் தீபாவளி என் மனைவி அதைக் குப்பைக்கு அனுப்பப் பார்ப்பாள், நான் தடுத்துவிடுவேன். இந்த வீட்டில் என் சொல் எடுபடுகிற விஷயம் அது ஒன்றுதான். அதன் இடது ஜோடி, இருபது வருடத்துக்கு மேலாக, சுவெட்டன்ஹாம் துறைமுகத்துச் சேற்றில் எந்த ஆழத்திலோ கிடக்கிறது.

பூட்ஸுக்குச் சொந்தக்காரர் ஒரு ரயில்வே கார்டு. பிரிக்பீல்ட்ஸில் என் அடுத்த வீட்டுக்காரர். கோலாலம்பூரிலிருந்து கிளம்பி, கிள்ளானையும் தாண்டி, தண்டவாளம் தீர்ந்துபோகிற அந்தத் துறைமுகத்துக்குப் பதினொரு வருடமாக வண்டி கொண்டுபோய்த் திரும்பியவர். மீசையைத் தடவிக்கொண்டு அவர் வர்ணிக்க ஆரம்பித்தால் எங்கள் வாசலிலேயே உப்புக் காற்று வீசும். பனைமர உயரத்துக்கு அலை எழும்புமாம். கப்பல்கள் தொட்டில் மாதிரி ஆடுமாம். நான் அப்போது சரக்குக் கொட்டகையில் குமாஸ்தா. மிச்ச நேரத்தில் இலக்கியகர்த்தா. எங்கள் வாசகசாலையில் மாதம் ஒருவர் கட்டுரை வாசிப்பது வழக்கம். என் முறை வந்தபோது, கண்ணால் காணாத அந்தத் துறைமுகத்தைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை வாசித்தேன். அலைக்கு மட்டும் நான்கு பக்கம். கேட்டவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் கப்பலிறங்கி ரயிலில் வந்தவர்கள், அந்தத் துறைமுகத்தைக் காணாதவர்கள். ஒருவரும் மறுக்கவில்லை. கை தட்டினார்கள். தட்டியதோடு விட்டிருக்கலாம். வாசகசாலைக் காரியதரிசி எழுந்து, வரும் ஞாயிறு சபை முழுவதும் குடும்பத்தோடு அங்கே போவது, வழிகாட்டி கட்டுரையாசிரியர் என்று அறிவித்துவிட்டார்.

வழிகாட்டி ஊரை ஒரு தரமாவது பார்த்திருப்பது நல்லதென்று, சனிக்கிழமை காலை கார்டின் வண்டியிலேயே ஏறினேன். அவருக்கு அது ரசிக்கவில்லை என்பது கிள்ளான் வருவதற்குள் தெரிந்தது. வெயில் அதிகம் என்றார். அலை பார்க்க இது பருவமில்லை என்றார். துறைமுகத்தில் இறங்கியதும், கடல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிளாட்பாரத்தின் இரண்டு கோடிகளையும் பார்த்தார். பிறகு மூட்டை தூக்கும் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"பதினோரு வருஷமா இந்த பிளாட்பாரத்த விட்டு எறங்குனதில்ல தம்பி," என்றார், அந்த ஆளின் பின்னால் நடந்துகொண்டே. "இஞ்சின மாத்தி மாட்டுறதுக்குள்ள வண்டி வந்த நேரம் போற நேரமெல்லாம் ஜர்னல்ல எழுதணும், கோப்பி குடிக்கணும். நேரம் சரியாப் போயிரும்லா."

"அப்ப அந்த அலை?"

"நாகப்பட்டினத்துல கப்பல் ஏறுறப்போ பாத்தது. கடல்னா எல்லாம் ஒண்ணுதான்னு நெனச்சுட்டேன்."

கடல் எல்லாம் ஒன்றல்ல. எதிரே தீவுகள் மறித்துக்கொண்டு நிற்க, நடுவில் பால் கலந்த தேநீர் நிறத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நீர் வற்றியிருந்த நேரம். கரையெல்லாம் சேறு, சேற்றில் துள்ளும் பொடி மீன்கள், இரு பக்கமும் சதுப்புக் காடு. என் நான்கு பக்கத்துக்கு ஆதாரமாக ஒரு கை நுரைகூட இல்லை. கார்டு மட்டும் நம்பிக்கை இழக்காமல், இன்னும் கொஞ்சம் போனால் இருக்கும் என்று தண்ணீரை நோக்கி நடந்தார். ஆறாவது அடியில் முழங்கால் வரை புதைந்தார். நானும் மூட்டைக்காரரும் பிடித்து இழுத்ததில் கார்டு வந்தார். இடது பூட்ஸ் வரவில்லை. தேட நேரமில்லை, இஞ்சின் ஊதிவிட்டது. முழுச் சீருடையும் ஒற்றை பூட்ஸுமாகப் பச்சைக் கொடி காட்டிய கார்டை அந்த ஊர் அன்றுதான் பார்த்திருக்கும்.

திரும்பும் வழியெல்லாம் நான் அவர் காதில் ஓதிக்கொண்டே வந்தேன். பூட்ஸை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? நாளைய பயணத்தை மழையைச் சொல்லித் தள்ளிப்போடலாம். என் கட்டுரையும் பிழைக்கும், அவருடைய பதினொரு வருடப் பேச்சும் பிழைக்கும். அவர் ஜர்னல் எழுதினார். எட்டிப் பார்த்தேன். வண்டி மூன்று நிமிடம் தாமதம். காரணம், கார்டு சேற்றில் இறங்கியது.

கோலாலம்பூர் ஸ்டேஷனில் காரியதரிசி மறுநாள் வருகிறவர்களின் பட்டியலோடு காத்திருந்தார். கூடவே சபையினர் நாலைந்து பேர். கார்டு ஒரு காலுக்கு டக், மறு காலுக்குச் சப் என்று இறங்கி வந்தார்.

"என்ன கார்டய்யா, அலை இழுத்துருச்சா?" என்றார் காரியதரிசி. நானே எழுதிக் கொடுத்திருந்தாலும் அவ்வளவு பொருத்தமாகக் கேட்டிருக்க மாட்டார். ஆமாம் என்றால் முடிந்தது.

கார்டு தன் காலைக் குனிந்து பார்த்தார். "அலையெல்லாம் அங்க கெடையாது சார். சேறுதான். நான் அடிச்ச புளுகத்தான் இந்தத் தம்பி நம்பி எழுதுச்சு."

நான் பார்க்காமலே எழுதினேன், பார்த்த பிறகும் மறைக்கச் சொன்னேன் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, பட்டியலில் எத்தனை பேர் என்று அக்கறையாக விசாரித்தேன். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். கடைசியாகக் கார்டும்.

பயணம் நிற்கவில்லை. அலை பார்க்கக் கிளம்பவிருந்தவர்கள், பூட்ஸ் புதைந்த இடம் பார்க்கக் கிளம்பினார்கள். கிடங்கு நிழலில் புளிசாதத்தைப் பிரித்து, கப்பல்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். கேட்டவர்களுக்கெல்லாம் கார்டு அந்த இடத்தைக் காட்டினார், ஆளுக்கொரு இடமாக. மாலைக்குள் முழங்கால் சேறு அவர் சொல்லில் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. அப்போதுதான் நான் காரியதரிசியைத் தனியே அழைத்துப் போய், என் பங்கையும் சொன்னேன். நான் வாசித்த அன்றே அது தனக்குத் தெரியும் என்றார் அவர்.

வலது பூட்ஸைக் கார்டு மறுநாள் என் வாசலில் வைத்தார். "ஒத்தைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எழுதுற ஆளு, நீங்க வச்சுக்குங்க."

இப்போதும் ஏதாவது ஓர் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அது பக்கத்தில் நிற்கிறது. ஒன்றும் கேட்பதில்லை. நான்தான் பேனாவை மூடிவிட்டு, அதிலிருந்து குடையை உருவிக்கொண்டு, ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுகிறேன்.