நந்தியாவட்டையும் நனைந்த ஜாயிண்ட்டும்

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் வயர்களோடு வாழ்ந்தவன் நான். பொன்மலையில் ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன வீடு வாங்கிக் குடிவந்தோம். சுற்றுச்சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு நந்தியாவட்டை நின்றது. காலையில் பூஜைக்குப் பறிக்கலாம் என்று என் மனைவி தட்டோடு போவாள். பல நாள் வெறும் தட்டோடு திரும்புவாள். யாரோ விடியும் முன்பே பறித்துக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஒரு கேமரா போடுங்க.”

சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்து வாசலில் மாட்டிக் கொடுத்தார். படம் ஹால் டி.வி.யில் தெரிந்தது. சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் மகளின் போனிலும் தெரிந்தது. “அப்பா, ஏன் வெயில்ல செருப்பில்லாம நிக்கிறீங்க?” என்று அன்றே அவள் அதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

முதல் மழையிலேயே திரை கறுத்துப்போனது. மறுநாள் மத்தியானம் கடைக்காரர் வந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. “நல்லாத்தானே இருக்கு சார்” என்று போய்விட்டார். மூன்று முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறை, “மழை பெய்யும்போதே கூப்பிடுங்க சார்” என்றார். அடுத்த மழையில் கூப்பிட்டேன். “இந்த மழையில எப்படி சார் வர்றது?” என்றார்.

சிக்னல் பிரிவுக்காரனின் தன்மானம் விழித்துக்கொண்டது. நானே ஏணியைத் தூக்கினேன்.

முதலில் கரண்ட் கொடுக்கும் அடாப்டரை மாற்றினேன். பயனில்லை. படத்தைப் பதியும் பெட்டி மேல் சந்தேகப்பட்டு இரண்டு நாள் அதை அணைத்து அணைத்துப் போட்டேன். பிறகுதான் புத்தி வந்தது. ஒரு மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு கேமராவைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுவந்து, சின்ன வயர் ஒன்றால் நேராகப் பெட்டியில் சொருகினேன். டி.வி. முழுக்க என் மூக்கு தெரிந்தது. ஆக, கேமராவும் நல்லது, பெட்டியும் நல்லது. வெளியே வயரும் வயரும் சேரும் ஜாயிண்ட்டில்தான் கோளாறு.

அதைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தபோது உள்ளிருந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் வழிந்தது. வயர் முனையில் இருந்த பின்னெல்லாம் களிம்பேறிப் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிய பின் போட்டு, டேப் சுற்றி, அதற்கு மேல் கழுவின பால் பாக்கெட்டை மாட்டி நூலால் இறுக்கிக் கட்டினேன். அடுத்த மழையில் மறுபடியும் இருட்டு. அவிழ்த்துப் பார்த்தால், பால் பாக்கெட் உள்ளே போன தண்ணீரில் ஒரு சொட்டைக்கூட வெளியே விடாமல் பத்திரமாக வைத்திருந்தது. பிறகு ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கட்டினேன். கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று, “திருஷ்டிக்கா சார்?” என்று கேட்டார்கள். அதற்கும் மழை அடங்கவில்லை.

இந்தக் காலம் முழுக்க எங்களுக்கு ஆறுதல் சொன்னவர் ஒருவர்தான்: எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த சமஸ்கிருத வாத்தியார். அவரும் ஓய்வு பெற்றவர். மழை விட்டதும் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். “சார், படம் தெரியறதா?”

“இல்லை சாமி, போயிடுச்சு.”

“அடடா. எல்லாம் பெருமாள் சித்தம்” என்று உச்சுக் கொட்டிவிட்டு உள்ளே போவார். என்ன நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொள்வேன்.

என் மனைவி அப்படி நினைக்கவில்லை. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: “என்னங்க, படம் தெரியற நாள்ல பூ அப்படியே இருக்கு. தெரியாத நாள்ல மட்டும் போகுது. கேமரா செத்தது திருடனுக்கு எப்படித் தெரியுது?”

“எப்படி?”

“நீங்கதானே தினம் மாடியைப் பார்த்துச் சொல்றீங்க.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சேச்சே, அவ்வளவு பெரிய மனுஷரா என்றேன். “படம் நல்லா இருக்கற நாள்ல, போயிடுச்சுன்னு சொல்லித்தான் பாருங்களேன்” என்றாள். மறுநாள் நல்ல வெயில். படமும் ஜோராக இருந்தது. சாயந்தரம் நானே மாடியைப் பார்த்து, “சாமி, இந்தத் தடவை மழையே இல்லாம படம் போயிடுச்சு!” என்று கூவினேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அவ்வளவு சத்தமான பொய் வேறில்லை.

காலையில் பதிவைப் போட்டுப் பார்த்தோம். திருமண் துலங்க, மடி வேஷ்டி கட்டி, வாத்தியார் சாவதானமாக வந்தார். தொரட்டியால் கிளையை வளைத்தார். ஒரு பூவைக்கூடக் கசக்காமல் பூக்குடலையில் போட்டுக்கொண்டார். போகும்போது செடியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

நான் அந்தப் பதிவை என் போனில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்குப் படியேறினேன். மனைவியும் வந்தாள். அவர் படத்தை முழுசாகப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“நன்னா விழுந்திருக்கே!” என்றார்.

“சாமி, கேட்டிருந்தா நாங்களே கொடுத்திருப்போமே” என்றாள் மனைவி.

“கேட்டா நீங்க பறிச்சுக் கொடுப்பேள் அம்மா. அடியேன் ஸ்நானம் பண்ணிட்டுத் தன் கையால பறிச்சாத்தான் திருப்தி. கேமரா இருக்கறச்சே எடுத்தா உங்க மனசு கஷ்டப்படும். அதான் இல்லாத நாளாப் பார்த்து…”

அவரே தொடர்ந்தார். “ஒண்ணு சொல்லட்டுமா சார்? நீங்க எத்தனை டேப் சுத்தினாலும் பிரயோஜனமில்லை. மாடியிலேர்ந்து பார்த்தா தெரியறது. ஜலம் ஜாயிண்ட் மேல விழலை. மேலேர்ந்து வயரைப் பிடிச்சுண்டே இறங்கி, நேரா டேப்புக்குள்ள போறது.”

நான் வாயைப் பிளந்தேன். முப்பது வருட அனுபவம், இந்த ஒரு சாய்வைப் பார்க்கவில்லை.

“எத்தனை நாளா சாமி இதைப் பார்க்கறீங்க?”

“ஆடி மாசத்துலேர்ந்து.”

“ஏன் சொல்லலை?”

அவர் தரையைப் பார்த்தார். “சொன்னா சரியாயிடுமே.”

என் மனைவி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கதவு திறந்தது.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தோம். ஒரு பிளாஸ்டிக் பெட்டியைச் சுவரில் திருகி, வயர் நுழையும் துளைகளை அடிப்பக்கத்தில் போட்டேன். ஜாயிண்ட்டில் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி உள்ளே வைத்தேன். மேலிருந்து வரும் வயரைப் பெட்டிக்கும் கீழே தொங்கவிட்டு, வளைத்து மறுபடி மேலேற்றி நுழைத்தேன். வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். வாத்தியார் மாடியிலிருந்து மேற்பார்வை பார்த்தார். “இன்னும் கொஞ்சம் கீழ விடுங்கோ! போறும், போறும்!” பிறகு ஹோஸ் பைப்பால் அரைமணி நேரம் செயற்கை மழை பெய்வித்தேன். ஹாலிலிருந்து மனைவி கத்தினாள்: “படம் இருக்கு! நீங்கதான் தொப்பலா நிக்கிறீங்க!”

ஐப்பசி அடைமழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. திரை ஒரு கணம்கூடக் கறுக்கவில்லை. பூ விஷயத்தில் மனைவி தீர்ப்புச் சொன்னாள்: தெருப்பக்கக் கிளைகள் வாத்தியாருக்கு, வீட்டுப்பக்கக் கிளைகள் எங்களுக்கு, தொரட்டி மட்டும் கூடாது. அவர் இப்போது குளித்துவிட்டு, கேட்டைத் திறந்துகொண்டு, நேர்வழியாக வருகிறார்.

என் பெருமையை அவர் கோயில் வரைக்கும் பரப்பிவிட்டார். போன வாரம் மேலச்சித்திரை வீதியிலிருந்து ஒருவர் வந்து, தன் வீட்டுக் கேமராவும் அடிக்கடி நின்றுபோகிறது என்றார். ரப்பர் டேப்போடு போய் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஜாயிண்ட் காய்ந்துதான் இருந்தது. பக்கத்தில் வயரைக் கையில் பிடித்து இழுத்தபடி ஒரு குரங்கு உட்கார்ந்து என்னைப் பார்த்தது. மெதுவாக இறங்கி வந்து, இது சிக்னல் பிரிவில் சேராது என்று வீட்டுக்காரரிடம் பணிவாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.