ரெஜினாவின் வளைந்த கோடு

ரெஜினாவைப் பற்றி எதையும் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். பத்தாம் வகுப்பில் அவளோடு படித்த உங்களுக்கு என் மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

திங்கட்கிழமை பிரேயரில் தலைமையாசிரியை அவள் பெயரைச் சொன்னதும், ஏதோ பரிசு என்று நினைத்துக் கைதட்டக் கையைத் தூக்கிவிட்டேன். காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்றார். நான்கு நாளாக அவள் வராததற்கு என் மேல் உள்ள கோபம்தான் காரணம் என்று எண்ணியிருந்தேன்.

இயற்பியல் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஒரு ஜோடி. ஓம் விதி சோதனைக்கான மின்தடைக் கம்பி அறுந்திருந்ததால், டீச்சர் டார்ச் பல்பை இணைத்துப் பார்க்கச் சொன்னார். மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டை நான் நகர்த்த, அவள் மீட்டர்களைப் பார்த்து எழுதினாள். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்காக வேண்டும் என்பது பாடம். ஆகவில்லை. கிராஃபில் கோடு வளைந்தது.

"ஒழுங்கா பாத்தியா இல்லியாடி?" என்றேன்.

"கண்ணு நல்லாதான்டி கீது. பல்பு இன்னா, நம்ம புக்க படிச்சிட்டா எரியுது?"

எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு ரோஷம் வந்தது. நம் வகுப்பில் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். முதலில் ஸ்கேல் வைத்து நேர்கோடு, பிறகு அதற்கேற்ற ரீடிங். அவள் ரெக்கார்டு நோட்டையும் இழுத்து, எண்களை அழித்துத் திருத்தினேன். "உன்கூட ஜோடி சேந்தா மார்க்கு போயிடும்" என்றும் சொன்னேன். அவள் நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டு பாகூர் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டீச்சர் என் கிராஃபைப் பார்த்து, "பல்பு இழை சூடாக சூடாக மின்தடை ஏறும். இதுல கோடு எப்படிம்மா நேரா வரும்?" என்று கேட்டார். ரெஜினா வந்ததும், அவள் எழுதியதுதான் சரி என்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

இப்போது அவள் அம்மா நோட்டுகளைக் கேட்டிருக்கிறார். அந்த ரெக்கார்டு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அழித்த எண்களின் தடம் தாளில் இன்னும் தெரிகிறது. அவற்றின் மேல் நான் எழுதினால் அது அவள் பக்கமாக இருக்குமா? அப்படியே கொடுத்தால் என் பொய்யைத்தானே அவர் மகளின் நினைவாக வைத்திருப்பார்? அவருக்கு அது தெரியவே போவதில்லை என்பதுதான் என்னை இன்னும் குழப்புகிறது.

இன்று மாலை டீச்சரிடம் கேட்டு, ஆய்வகத்தில் நான் மட்டும் அதே பல்போடு மின்சுற்றை இணைத்தேன். ஐந்து ரீடிங்கும் அந்தத் தடங்களோடு ஒத்துப்போயின. எதிர்ப்பக்கத்தில் அந்த எண்களை எழுதி, வளைந்த கோட்டை வரைந்து, "இவை ரெஜினா எடுத்தவை. அழித்தவள் நான்" என்று கையெழுத்திட்டேன். இது போதுமா என்று தெரியவில்லை.

மீட்டர் காட்டியதை எழுதிவிட்டுத்தான் பாடப் புத்தகத்தைத் திறப்பாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

பல்பைக் கழற்றினேன். இன்னும் சூடாக இருந்தது. டீச்சர் ஆய்வகத்தின் விளக்குகளை அணைத்தார்.