என் மகள் போட்ட முதல் கூடை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செம்பூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது இது. பெண் பிள்ளைகளுக்கான கூடைப்பந்துப் போட்டி. எங்கள் மாட்டுங்கா டீமும் தாராவி டீமும் ஆடின. ஜெயிக்கிறவர்கள் இறுதிப் போட்டிக்குப் போவார்கள்.

இந்த மாதிரி சின்னப் போட்டிகளில் மேஜையில் உட்கார ஆள் கிடைக்காது. டீமுக்கு ஒரு அம்மாவையோ அப்பாவையோ பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். ஆட்டக் கடிகாரத்தைத் தாராவிப் பிள்ளை ஒருத்தியின் அம்மா பார்த்துக்கொண்டார். பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். ஷாட் கிளாக் என் பொறுப்பு. பந்தை வைத்திருக்கும் டீம் இருபத்துநாலு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும், இல்லையென்றால் பந்து எதிராளிக்குப் போய்விடும். எறிந்த பந்து வளையத்தில் பட்டு அதே டீமிடம் திரும்பினால், நான் பொத்தானை அழுத்திப் புதிதாகப் பதினாலு விநாடி தர வேண்டும். வளையத்தில் படவில்லையென்றால் மிச்சமிருக்கும் நேரம்தான்.

எனக்குப் பொருத்தமான வேலை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அடுத்தவர் தப்பை லேசில் விடுகிற ஆள் இல்லை நான். மின்சார ரயிலில் லேடீஸ் டப்பாவில் இடித்துத் தள்ளி ஏறிய ஒருத்தியோடு தாதர் வரைக்கும் சண்டை போட்டிருக்கிறேன்.

என் மகள் இரண்டு வருடமாக டீமில் இருந்தாள். இருந்தாள் என்றால், பெஞ்சில் இருந்தாள். ஒரு கூடைகூடப் போட்டதில்லை. அன்றைக்குக் கடைசி நிமிடத்தில் ஒரு பெண்ணுக்குக் கால் பிசகியதால் இவளை இறக்கினார்கள். எங்கள் டீம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது.

நான் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, கூடையையும் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பெண் ஒருத்தி எறிந்தாள், 'டங்' என்று சத்தம் கேட்டது, பந்து எங்களிடமே திரும்பியது. நான் பொத்தானை அழுத்திவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வளையம் ஆடவே இல்லை. அந்தக் கூடையில் ஒரு போல்ட் கழன்றிருந்தது. பந்து பலகையின் ஓரத்தில் பட்டாலே அப்படிச் சத்தம் வரும் என்று காலையிலேயே எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

நாலே விநாடி இருந்த இடத்தில் பதினாலு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே மணியடித்து ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். கையும் மணிமேல்தான் இருந்தது. ஆனால் பந்து கைமாறிக் கைமாறி என் மகளிடம் வந்தது. நான் நிறுத்தவில்லை. எட்டு, ஒன்பது விநாடி போயிருக்கும். அவள் எறிந்தாள். பந்து வலைக்குள் விழுந்தது.

கடைசி நிமிடங்களின் விதிப்படி, பக்கத்தில் இருந்த அம்மா ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தினார். மைதானமே கத்தியது. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நேராக என்னைத்தான் பார்த்தாள். அந்த முகம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அதே முகம்தான் என்னை எழுப்பியும் விட்டது. ரெஃப்ரீயைக் கூப்பிட்டு, பந்து வளையத்தில் படவில்லை, நான் தப்பாக அழுத்திவிட்டேன் என்றேன். அவர் மேஜையில் இருந்த எல்லோரையும் விசாரித்தார். ஆட்டக் கடிகாரத்தைப் பின்னுக்கு வைக்கச் சொல்லி, கூடை செல்லாது என்று கையை ஆட்டினார். பந்து தாராவிக்குப் போனது. அவர்களே ஜெயித்தார்கள்.

மேஜையைக் காலி செய்யும்போது அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்.

"நானும் அப்பவே பாத்தேங்க்கா. வளையத்துல படல. ஒங்க பிள்ளை மொகத்தப் பாத்துட்டு எனக்கு வாய் வரல. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நான் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் மகளும் ஜெயிக்க வேண்டிய ஆட்டம்தானே அது.

"தெரியலக்கா" என்றார். பிறகு தன் டப்பாவிலிருந்து இரண்டு முறுக்கை எடுத்து, பிள்ளைக்குக் கொடுங்கள் என்று என் கையில் வைத்தார்.

பஸ்ஸில் என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முறுக்கைத் தொடவில்லை. சயான் ஸ்டாப் வந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, ஷாட் ஏக்தம் கிளீனாதானே விழுந்தது?"

"ஆமாம்டி, ரொம்ப சுத்தமா. வளையத்துல கூடப் படல. நான் கண்ணால பாத்தேன்."

அவள் ஒரு முறுக்கை உடைத்து, பாதியை என்னிடம் நீட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ கூடை போட்டுவிட்டாள். நானும் இன்னும் மேஜையில் உட்காருகிறேன், இப்போது கூடையை மட்டும் பார்த்துக்கொண்டு. ஆனால் யாராவது தப்பு செய்துவிட்டுத் திருதிருவென்று விழித்தால், முன்போலப் பாய்வதில்லை. அந்த அம்மா எனக்குத் தந்த அந்தக் கொஞ்ச நேரத்தை, அவர்களே வாயைத் திறக்கும் வரை, நானும் தந்து பார்க்கிறேன்.