நெட்டையன் விட்டுப்போன கம்பளி

பனிக்காலத்தில் கம்பளியை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவன் கட்டாயம் திரும்பி வருவான் என்று நான் நம்பினேன். நம்பினேன் என்று சொல்வதுகூடக் குறைவு. அந்த ஒரு கம்பளியை நம்பி ஒரு கூடைப்பந்து அணியையே நடத்திக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறவர்கள் எங்கள் மலையில் ஒரு தை மாதம் இருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். விடியும்போது புல்லெல்லாம் நரைத்துக் கிடக்கும். குழாயைத் திறந்தால் ஒரு முனகல் வரும், தண்ணீர் வராது. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கறுப்புக் கம்பளி கொடுப்பார்கள். மழையில் அதைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளுவார்கள், இரவில் அதையே போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். அதனால் ஊருக்குப் புறப்படுகிறவன் போய்த் தொலைகிறானா, போய் வருகிறானா என்று தெரிந்துகொள்ள எங்களிடம் ஒரே சோதனைதான் இருந்தது. கம்பளி தோளில் இருந்தால் போகிறான். ஆணியில் தொங்கினால் வருவான். ஆள் பிடித்து வந்து ஆளை மேய்க்கிற கங்காணிகளே இதைப் பார்த்துத்தான் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

நெட்டையனின் கம்பளி என் மருந்துக்கடை வராந்தாவில், கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, "போய்ட்டு வாரேன்" என்று அவனே மாட்டிவிட்டுப் போனான். வாரேன் என்று வேறு சொல்லியிருக்கிறான். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

நான் அந்தத் தோட்டத்தின் கம்பவுண்டர். அப்போது எனக்கு வயது நாற்பது. இப்போதும் நடுவயதுதான், எண்ணிக்கை மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. மலைக்குளிர் நெஞ்சுக்கு ஆகவில்லை என்று மனைவி பிள்ளைகளோடு பெரியகுளத்துக்கே இறங்கிப் போய்விட்டாள். எனக்கு மட்டும் ஆனதா என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் கம்பவுண்டர் ஒரு விசித்திரமான பிறவி. ஆபீஸ் கிளார்க்குமார் மாலையில் ஓர் அறையில் கூடிச் சீட்டாடுவார்கள். என் கையில் விளக்கெண்ணெய் வாடை அடிக்கிறதாம், சீட்டில் ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் கூப்பிடமாட்டார்கள். சரி என்று கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போனால், அதுவரை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். நான் போகும்வரை உட்காரமாட்டார்கள். அவர்கள் உட்காரட்டுமே என்று நான் போய்விடுவேன்.

ஆலைக்குக் கீழே, முன்பு விறகு அடுக்கியிருந்த ஒரு சமதரை கிடந்தது. எங்கள் மலையில் சமதரை என்பது அதிசயம். மதுரையில் படித்த காலத்தில் டிரில் மாஸ்டர் ஒருவர் சொல்லிக்கொடுத்த கூடைப்பந்து எனக்குப் பாதி ஞாபகம் இருந்தது. மறந்த பாதியை நானே எழுதிச் சேர்த்துக்கொண்டேன். கொழுந்துக் கூடை இரண்டை எதிரெதிர் மரங்களில் கட்டினோம். தோட்டத்துக் கூடையை அறுத்தால் துரை எங்கள் தோலை அறுப்பார் என்பதால் அடியை வெட்டவில்லை. பந்து, வெள்ளைக்காரர் கிளப்பில் கழித்துக் கட்டிய கால்பந்து. அதற்குக் காற்றடிக்க மருந்துக்கடையில் வேறொரு காரியத்துக்கு வைத்திருந்த ரப்பர் குழாயை எடுத்துப் போவேன். என்ன காரியம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐந்து பேர் சேர்ந்தோம். ஆலையில் பாய்லருக்குத் தீப்போடுகிறவர், தேயிலைப் பெட்டிக்கு ஆணியடிக்கிறவர், செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர், நான், அப்புறம் விறகு சுமக்கிற நெட்டையன். கரிசல்காட்டு ஆள். அவனுக்கு மேகம்தான் தலைப்பாகை என்று பெட்டிக்காரர் சொல்வார். அந்தக் காலத்து விதிப்படி ஒவ்வொரு தடவை கூடை விழுந்த பிறகும் நடுவுக்கு வந்து பந்தை மேலே போடவேண்டும். இரண்டு பேர் எகிறித் தட்டவேண்டும். நெட்டையன் எகிறமாட்டான். கையைத் தூக்குவான், எங்களுக்குள் பிரிந்து ஆடும்போது அவன் இருக்கிற பக்கத்துக்கே பந்து வந்துவிடும். கூடைக்குள் விழுந்த பந்தை ஏணியில்லாமல் கையை விட்டு எடுப்பவனும் அவன்தான்.

அவனைப் பற்றி நான் சொல்லவேண்டியது அதுவல்ல. மைதானத்துக்கு வெளியே அவனும் மற்றவர்களைப் போல எனக்கு எழுந்து நிற்பான், "ஐயா" என்பான். உள்ளே வந்துவிட்டால், "ஓய் மருந்து! தூங்குதீராவே? பந்தப் போடும்!" என்று கத்துவான். தோளால் ஓர் இடி இடிப்பான். நான் குப்புற விழுவேன். நாள் முழுக்க ஒருவரும் தொடாத மனிதனுக்கு அந்த இடி எப்படி இருக்கும் என்று விழுந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். மற்ற மூவரும் அவனைப் பார்த்துத்தான் என்னை இடிக்கப் பழகினார்கள்.

பொங்கல் போயிற்று. ஊருக்குப் போனவர்கள் இரண்டு மூன்று பேராக மலையேறி வந்தார்கள். நெட்டையன் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத் துரை மருந்துக்கடைக்கு வந்தார். பக்கத்து மலைத் தோட்டத்துத் துரையோடு பேசி, மாசி மாதம் ஓர் ஆட்டம் என்று முடிவு செய்துவிட்டாராம். தோட்டத் தமிழில் சட்டமும் போட்டார்.

"அஞ்சி ஆள் நிக்கணும். அஞ்சி ஆள் இல்லே, அடுத்த நாளே அந்த எடத்திலே நாத்து போடு. நல்ல எடம். சும்மா கெடக்குது."

சும்மா கிடக்கிறதாம். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு, தலைவலியென்று வந்த ஒருவருக்குப் பேதி மருந்தைக் கொடுத்தேன். நல்லவேளை, அவரே முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தார்.

எனக்கு வந்த பீதியை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஒரு சின்ன மைதானம் நாற்றுமேடை ஆனால் உலகம் முழுகிவிடாது. ஆனால் மாலை ஐந்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதினதும் எனக்குப் போக வேறு இடம் இல்லை. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனியாய் மஞ்சு ஏறி வந்து ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்க்கும். நானும் பார்ப்பேன். எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

"ஐயா, அவன் வரமாட்டான். வேற ஆளப் பாப்போம்," என்றார் பாய்லர்காரர்.

"கம்பளி இருக்குல்ல?"

"இருக்கு. அதுக்காகக் கம்பளிய நிக்க வச்சா வெளயாட முடியும்?"

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று மாலை அதையும் செய்து பார்த்தேன். நடுவில் ஒரு மூங்கிலை நட்டு அதன்மேல் கம்பளியை மாட்டினேன். அவன் நிற்கும் இடம் மற்றவர்களுக்கு மறந்துவிடக் கூடாது என்று ஒரு காரணமும் சொன்னேன். பெட்டிக்காரர் அதைச் சுற்றி ஓடியபடியே, "ஆளு முன்னைக்கு இப்ப நல்லாப் பேசுதான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூடைக்குள் விழுந்த பந்தை எடுக்க அந்த மூங்கிலைத்தான் பிடுங்க வேண்டியிருந்தது.

வெட்கத்தை விட்டு ஆள் தேடினேன். தேடினேன் என்று பேர்தான். கம்பளி ஆணியில் தொங்கும்போது அந்த இடத்தில் இன்னொருவனை நிறுத்துவது, உயிரோடு இருப்பவனுக்குக் காரியம் செய்வதுபோல இருந்தது. துரை பங்களா பட்லர் உயரம்தான். ஆனால் தலைப்பாகையைக் கழற்றமாட்டேன் என்றார். அது அவிழாமல் இருக்க ஓடாமலே ஆடலாமா என்று கேட்டார். தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரியும் நல்ல உயரம். பந்து தோல் என்று தெரிந்ததும், "தொடாம வெளயாடலாம்னா வாரேன்யா," என்றார். இருவருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கை கங்காணிதான். நெட்டையனைக் கொண்டுவந்தவர் அவர். புது ஆள் கூட்டிவரக் கரிசல்காட்டுக்கே போயிருந்தார். அவர் வருகிற நாளன்று வளைவுப் பாதையில் போய் நின்றேன். கையில் கம்பளி. வட்டவடையிலிருந்து பூண்டு மூட்டை சுமந்து வந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்து, "விக்கிறதா?" என்று கேட்டார். மதியத்துக்கு மேல் கூட்டம் வந்தது. முன்னால் குடையும் கறுப்புக் கோட்டுமாகக் கங்காணி. குட்டை, தொந்தி, ஐம்பது வயது. பின்னால் வந்த ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். நெட்டையன் கூட்டத்தில் இருந்தால் தேட வேண்டியதேயில்லை என்பது கடைசி ஆள் தாண்டிப் போன பிறகுதான் உறைத்தது.

"நம்ம நெட்டையன்?" என்றேன்.

கங்காணி கோட்டுப் பொத்தானைத் திருகினார். "வருவான்யா. அதான் கம்பளி கெடக்குல்லா?"

நானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. இன்னொருவர் வாயில் கேட்டபோது ஏனோ அது அவ்வளவு பலமாக இல்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாளும் நாங்கள் நான்கு பேர்தான். காலையில் பெரட்டுக்களத்துக்குப் போனேன். வேலைக்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்தித் தலை எண்ணுகிற இடம் அது. எந்தக் கங்காணியின் கூட்டத்தில் ஆள் குறைந்தாலும் அவர்தான் ஈடு கொடுக்க வேண்டும். மகனையோ மருமகனையோ நிறுத்துவார். யாரும் கிடைக்காவிட்டால் கோட்டோடு அவரே மண்வெட்டி பிடிப்பார். எனக்கு எரிச்சல், துக்கம் எல்லாம் சேர்ந்து குறும்பாக வந்தது. நாலு பேர் காதில் விழும்படி கேட்டேன்:

"என்ன கங்காணி, உம்ம கூட்டத்துல ஒரு ஆள் கொறையுதாமே?"

அவர் முகம் கறுத்தது. "எவன் சொன்னான்?"

"நான்தான் சொல்றேன். நாளைக்குச் சாயங்காலம் மைதானத்துல அஞ்சு ஆள் நிக்கணும். நாலுதான் நிக்குது. இல்லாத ஆள் உம்ம ஆளு."

அவர் எண்ணிப் பார்த்தார். உண்மையிலேயே விரலை மடக்கி எண்ணினார். பிறகு தொந்தியின்மேல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எங்கூட்டத்துல ஆள் கொறைஞ்சுதுன்னு எவனும் சொல்லப்படாது. நாளைக்கு நான் நிக்கேன்," என்றார்.

விளையாட்டாகச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் போய்விட்டார்.

மறுநாள் கோட்டோடுதான் வந்தார். குடையை மட்டும் மரத்தில் சாய்த்து வைத்தார். இரண்டு துரைமாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து நடு ஆள் நெட்டையனில் முக்கால்வாசி இருப்பான். அவன் எதிரே கங்காணி நின்றபோது அவர் தலை அவனுடைய நெஞ்சுக்கு வந்தது. பந்தை மேலே போட்டார்கள். கங்காணி எகிறவில்லை. அது எங்கே போகிறது என்று ஓர் அதிகாரியைப் போல நிமிர்ந்து பார்த்தார்.

"பந்து அங்கிட்டுப் போவுது!" என்று எங்களுக்குத் தகவல் சொன்னார்.

ஆட்டம் முழுக்க அது அங்கிட்டுத்தான் போயிற்று. அவர்கள் கூடை போடுவார்கள், நடுவுக்கு வருவோம், கங்காணி நிமிர்ந்து பார்ப்பார், மறுபடி கூடை விழும். எண்ணிக்கொண்டிருந்த எங்கள் துரை பாதியில் எண்ணுவதை விட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். ஆனால் கங்காணி சும்மா நிற்கவில்லை. "எலேய் ஆணி, எங்கல நிக்க! தீக்காரரே, இங்க வாரும்!" என்று பெரட்டுக்களத்துக் குரலில் எல்லோரையும் மேய்த்தார். ஒருமுறை பந்து என் கையில் வந்தது. திகைத்து நின்றேன். பின்னாலிருந்து தொந்தியால் ஓர் இடி விழுந்தது. "ஓடும்யா கம்பவுண்டரே, என்ன வேடிக்கை!" ஓடினேன். எறிந்தேன். கூடையில் விழுந்தது. எங்கள் பக்கம் விழுந்த ஒரே பந்து அதுதான். எடுக்கத்தான் ஆளில்லை. பாய்லர்காரர் மூங்கிலைத் தேடிப் போனார்.

ஆட்டம் முடிந்ததும் துரை எழுந்து, "அஞ்சி ஆள். சரி. எடம் வச்சிக்கோ," என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்கள் லயத்துக்குப் போனார்கள். கங்காணியும் நானும் விறகுக் கட்டையில் உட்கார்ந்தோம். அவர் கோட்டைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். வேர்வை காய்ந்து குளிர் ஏற ஆரம்பித்தது. எழுந்து போய் வராந்தா ஆணியிலிருந்து கம்பளியை எடுத்துவந்து அவர் தோளில் போட்டேன். அவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு சங்கதி. கோவிக்கப்படாது. அவன அங்க பாத்தேன்."

"எங்கே?"

"அவன் ஊர்லதான். மச்சானும் அவனும் கெணறு வெட்டுதாவ. தண்ணி கண்டுட்டு. இனி வரமாட்டான். ஆள் போச்சுன்னு எங்கூட்டத்துக்குப் பேர் வந்துரப்படாதுன்னு மூடி வச்சேன்."

"அப்ப கம்பளி?"

"அந்த ஊர்ல அத எவன் போத்துவான்? மண்டையப் பொளக்குற வெயிலு. சொமப்பானேன்னு மாட்டிட்டு வந்தானாம். யாருக்காச்சும் குடுத்துரச் சொன்னான்."

மஞ்சு மைதானத்தின் பாதியை மூடியிருந்தது. நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

கங்காணி என் முகத்தைப் பார்த்தார். "கேட்டான்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றேன்.

அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டே லயத்துக்கு இறங்கிப் போனார். குடையை மறந்து மரத்தடியிலேயே விட்டிருந்தார். மறுநாள் ஐந்து மணிக்கு அதை எடுக்க வந்தவர், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நடுவில் போய் நின்றார். அதன் பிறகு எங்கள் ஐந்தாவது ஆள் அவர்தான். நாங்கள் எந்த ஆட்டத்திலும் ஜெயிக்கவில்லை. நெட்டையன் வரவில்லை. கீழே வெயில் அதிகம். கம்பளி சுமை என்பதால் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.