தனித்தனியே நிற்காத துகள்கள்

கனடாவில், ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் என் வேலை, கொம்பியூட்டருக்குள் பிளாஸ்ரிக்கை இழுத்து முறிப்பது. கலக்கும் நானோ துகள் எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்குப் பிளாஸ்ரிக் உறுதியாகும் என்றது என் கணினி மொடல். அது சரியென்று சோதனையில் தெரிந்தால் என் கொன்ராக்ற் நீடிக்கும். அந்த நம்பிக்கையில் வீட்டுச் சமையற் குசினியைப் புதிதாகக் கட்டவென்று முன்கூட்டியே இடித்துவிட்டேன்.

சோதனையன்று, மாதிரிகளை உண்மையாகவே இழுத்து முறிக்கும் இயந்திரத்துக்குக் களவாகத் திருநீறு பூசினேன். ஆய்வுகூடத்தில் மாதிரிகளை முறிப்பவரும் யாழ்ப்பாணத்தார்தான், என்னைவிட இளையவர். கண்டுவிட்டார்.

"மிசினுக்கு ஏன் அண்ணை? உங்கட மொடலுக்கெல்லோ பூசவேணும்."

பெரிய துகள் போட்ட மாதிரி தாங்கியது. ஆகச் சிறியது போட்டது டக்கென்று முறிந்தது. முறிந்த இடத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால், துகள்கள் கட்டி கட்டியாய் ஒட்டிக் கிடந்தன.

"ஒவ்வொண்டும் தனிய நிக்குமெண்டெல்லோ கணக்குப் போட்டிருக்கிறியள். உதுகள் சின்னனாகச் சின்னனாக ஒண்டோடயொண்டு ஒட்டுங்கள் அண்ணை."

வேலைக்குக் கிட்ட, விட்பியில் பெரிய வீடு கிடைத்தும், தனிய அங்கே என்ன செய்வதென்று, தொலைவில் மில்லிக்கனில் மனைவியின் சகோதரங்கள் இருக்கும் அதே தெருவில் வீடு வாங்கியவன் நான். துகள் மட்டும் தனியே நிற்குமாம்!

கழிவறைக்குள் ஒளித்துக்கொண்டேன். நெஞ்சு அடித்தது. மாரடைப்பு வந்தால், மனேச்சருக்கு முடிவைச் சொல்லும் கூட்டத்துக்குப் போகத் தேவையில்லை என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. ஏப்பம்தான் வந்தது.

கூட்டத்தில் உள்ளதைச் சொன்னேன். ஒட்டுவதையும் சேர்த்துக் கணக்கைத் திருத்த அவகாசம் கேட்டேன். மனேச்சர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்: பெரிய துகளே போதும், அதற்கு மொடல் வேண்டாம். மாத முடிவோடு நானும் வேண்டாம்.

பகலிலேயே வீடு திரும்பினேன். வாசல் முழுக்க மச்சான்மாரின் கார்கள்; அதே தெருவென்றாலும் காரில்தான் வருவார்கள். என் காரைத் தெருவில் விட்டேன். உள்ளே எல்லோரும் சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு, புதுக் குசினி அலுமாரிக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, வெள்ளண வந்திட்டியள்?" என்றாள் மனைவி.

"வேலை போயிட்டுது."

மூத்த மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். "அத்தான்ர பகிடி தொடங்கீட்டுது!" எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும்தான்.

இத்தனை வருடம் சிரிக்கவைத்தவன் நான். யாரைக் குறை சொல்ல? ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள். ஜக்கெற்றையும் கழற்றாமல் நடுவில் இருந்துகொண்டு, அவர்கள் சிரித்து முடியட்டும் என்று காத்திருந்தேன்.